நடுராத்திரி வசம்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த வைட்லா ஐன்ஸ்லி, நம்ம ஊர்க் கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துச் சரக்குகளை ஒவ்வொன்றாக விசாரித்து, தமிழ்ப் பெயரோடு குறித்து வைத்தவர். 1813இல் மதராஸில் வந்த அவருடைய புத்தகம், 1826இல் லண்டனில் ‘மெட்டீரியா இண்டிகா’ என்று இரண்டு பாகங்களாக விரிந்தது. அதில் வசம்பைப் பற்றிய பகுதியில் ஒரு தகவல் வருகிறது. குழந்தைகளின் வயிற்று உபாதைக்கு வசம்பு அவ்வளவு அவசியமாகக் கருதப்பட்டதால், நடுராத்திரியில் யாராவது வந்து கேட்டால் மருந்துக் கடைக்காரர் கதவைத் திறந்து கொடுத்தே ஆகணுமாம். கொடுக்காவிட்டால் அபராதம்.

இந்த அபராதத்தை விதித்தது யார், எவ்வளவு என்றெல்லாம் ஐன்ஸ்லி விவரிக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாடாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் யோசித்துப் பாருங்க: இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சமூகம், ‘இந்த ஒரு மருந்து எந்நேரமும் கையில் கிடைக்கணும்’ என்று முடிவெடுத்து, அந்தப் பொறுப்பைக் கடைக்காரர் தலையில் கட்டியிருக்கிறது. அவசர மருந்து என்கிற எண்ணம் மேல்நாட்டு முதலுதவிப் பெட்டியோடு கப்பலேறி வந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வசம்புக்கு ‘பேர் சொல்லாதது’ என்று இன்னொரு பேர். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் சொல்வாங்க. ராத்திரியில் போய்க் கதவைத் தட்டணும், ஆனால் என்ன வேணும்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கடைக்காரருக்குப் புரிந்திருக்கும். அந்த நேரத்தில் கைக்குழந்தையின் அப்பன் வேறெதுக்கு வரப் போறான்?

வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவது ஒரு முறை. கல்லில் இழைத்து நாக்கில் தடவுவது இன்னொன்று. இரண்டாவதை இப்போது குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வசம்பில் பீட்டா-அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுக்கட்டி வந்ததால், அமெரிக்காவில் 1968இல் உணவில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தார்கள். இந்திய வசம்பில் அந்தப் பொருள் கூடுதலாக இருக்கிறது என்பதும் தெரிந்த விஷயம். அபராதம் போட்டுக் காப்பாற்றிய மருந்துக்கு இந்தக் கதி.

*

வீட்டில் என்ன இருந்தது? காவிரிக்கரை வீடுகளில் இரண்டு இருப்புகள் உண்டு. ஒன்று அடுப்பங்கரையில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் என்று அதில் பாதி மருந்துதான். இன்னொன்று உரைமருந்து. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு இவற்றைப் பக்குவப்படுத்தி, காயவைத்து, ஒரு துணியிலோ டப்பாவிலோ போட்டு வைத்துக்கொள்வது. குழந்தை பிறந்த வீட்டில் உரைகல்லில் ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று என்று கணக்காக இழைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சுற்றுதான் அளவுக் கரண்டி. வயசு ஏற ஏறச் சுற்றும் ஏறும்.

இந்தச் சரக்கெல்லாம் எப்போது புதுப்பிக்கப்படும்? இங்கேதான் தீபாவளி லேகியம் வருகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம் என்று கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஐப்பசி பிறந்தால் பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருப்பாங்க. ‘தீபாவளி மருந்து சாமான்’ என்று கேட்டால் போதும். பட்சணத்தைத் தின்றுவிட்டு வயிறு கெடாமலிருக்க என்றுதான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஐப்பசி என்பது வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற மாதம். அடுத்த இரண்டு மாதம் சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரிசையாக வரும். வாய்க்கால் பெருகினால் பாதை இருக்காது. அந்த நேரத்தில் வருஷ மருந்துச் சரக்கு புதிதாக வீட்டுக்குள் வந்துசேர்கிறது. பலகாரம் ஒரு சாக்கு என்று எனக்குத் தோன்றும்.

எல்லா வீட்டிலும் இது இருந்ததா என்றால், இல்லை. அன்றாடக் கூலி நெல்லை அன்றைக்கே குத்திக் கஞ்சி வைத்துக் குடித்த பண்ணையாள் வீட்டில் ஜாதிக்காய்க்கு எங்கே போவது? தஞ்சாவூர் ஜில்லாவின் கதையை எழுதுகிறவர்கள் அக்கிரகாரத்து அஞ்சறைப்பெட்டியோடு நின்றுவிடுகிறோம். சேர்த்து வைப்பதற்கு முதலில் மிச்சம் வேண்டும். சேரியில் இருந்தது வேலியோரத்து மூலிகையும், அதைத் தெரிந்த கிழவியும்தான். இருப்பு அங்கே டப்பாவில் இல்லை, ஒரு ஆளின் ஞாபகத்தில் இருந்தது. அந்த ஆள் போனால் இருப்பும் போச்சு.

*

திருவிடைமருதூருக்கு அந்தப் பெயரே ஒரு மருந்து மரத்தால் வந்தது. மகாலிங்கசுவாமி கோயிலின் தலமரம் மருதம். வடமொழியில் அர்ச்சுனம். வடக்கே ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், தெற்கே அம்பாசமுத்திரத்துப் பக்கம் திருப்புடைமருதூர், இரண்டுக்கும் இடையில் இருப்பதால் இது இடைமருதூர், மத்தியார்ச்சுனம். மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று வைத்திய நூல்கள் சொல்லும்; இப்போதும் பட்டையாகவும் பொடியாகவும் நாட்டு மருந்துக் கடையில் விற்கிறது.

இந்த ஊருக்கு 1798இல் ஒரு ராஜா குடிவந்தார். தஞ்சை மராட்டிய அரசர் அமரசிம்மர். கம்பெனி அவரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, இளைஞர் சரபோஜியை ஏற்றியது. அமரசிம்மருக்குப் பென்ஷன் கொடுத்துத் திருவிடைமருதூரில் இருக்கச் சொன்னார்கள். தோற்ற ராஜாவின் சின்ன தர்பாரில் சங்கீதம் தழைத்தது. கனம் கிருஷ்ணையர் பாடியது இங்கேதான். ஜெயித்த ராஜா தஞ்சாவூரில் புத்தகமும் மருந்தும் சேர்த்தார்.

சரபோஜியின் தன்வந்திரி மகால் இந்த வரலாற்றில் முக்கியமான இடம். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்த முயற்சி அது. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், படங்களோடு, இன்றும் சரசுவதி மகாலில் இருக்கின்றன. நமக்கு வேண்டிய விஷயம் அதைவிட எளியது: பலன் தந்த முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ப் பாட்டாக எழுதவைத்தார்கள். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று நோய்வாரியாக, நீரிழிவுக்கு ஒன்று, கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் ஒன்று என்று, நூலகம் பின்னாளில் அச்சிட்டது. ஏன் பாட்டு? பாட்டாக இருந்தால் மனசில் நிற்கும். ஓலை இல்லாத வீட்டுக்கும் போகும். அரண்மனை மருந்துச் சாலையிலிருந்து அடுப்பங்கரைக்குப் போட்ட வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தூரம் தண்ணி பாய்ந்தது என்பது வேறு கேள்வி.

*

இன்னும் பின்னால் போனால் சோழர் காலம். குந்தவை தன் தந்தை பெயரால் தஞ்சாவூரில் சுந்தர சோழ விண்ணகர ஆதுலர்சாலையை நடத்த நிலம் விட்டாள். ஆதுலர் என்றால் நோயாளிகள். ஆனால் அந்தச் சாலையின் அலமாரியில் என்ன இருந்தது என்பதை அறிய, டெல்டாவை விட்டு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; 1060களின் பிற்பகுதி. பள்ளி, விடுதி, மருத்துவமனை மூன்றுக்கும் சேர்த்துப் போட்ட பட்ஜெட் அது. மருத்துவமனைக்கு வீரசோழன் என்று பெயர். 15 படுக்கை. ஒரு படுக்கைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமக்கிறவர், இரவில் எரிய விளக்கு எல்லாம் கணக்கில் உண்டு.

அதற்கப்புறம் வருவதுதான் ஆச்சரியம். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். ஏறத்தாழ 20 பெயர்கள். வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி. ஹரீதகி என்றால் நம்ம கடுக்காய். உரைமருந்து டப்பாவில் கிடக்கும் அதே கடுக்காய், நான்கு வேஷத்தில். பிறகு தைலங்கள், பில்வாதி கிருதம், விமலை, சுநேத்ரி, கல்யாண லவணம். சுநேத்ரி என்ற பெயரே கண்ணைச் சொல்கிறது. கடைசியில் ஒரு பொருள்: புராண சர்ப்பி. பழைய நெய். ஆயுர்வேதத்தில் பழைய நெய்க்குத் தனி மரியாதை; பத்து வருஷம் போல் வைத்திருந்ததைப் பற்றியெல்லாம் நூல்கள் பேசும். இதை அவசரத்துக்கு வாங்க முடியாது, வருஷக்கணக்கில் முன்கூட்டியே யோசித்து எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. மற்ற மருந்துகளைக் காசு கொடுத்தால் பண்ணித் தருவார்கள். காலத்தை யாரும் பண்ணித் தர முடியாது.

இதே தர்க்கம் நம் காலத்தில் எங்கே வருகிறது தெரியுமா? 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மாத்திரை தட்டுப்பட்டதற்குக் காரணம் பணமில்லாதது மட்டுமல்ல, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாததும்தான் என்று கண்டுகொண்டார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு, சுமார் மூன்று மாதக் கையிருப்பு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக். பட்டியல், அளவு, பொறுப்பாளி. கல்வெட்டில் இருந்த மூன்றும்.

*

1817இல் வங்காளத்து ஜெஸ்ஸூரில் கிளம்பிய காலரா, 1818இல் மதராஸ் ராஜதானிக்குள் வந்தது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் டெல்டாவை விடவில்லை. தண்ணீர் ஓடும் ஊர், குளத்தில் குளித்துக் குளத்தில் குடிக்கும் ஊர், மகாமகமும் தைப்பூசமும் என்று கூட்டம் கூடும் ஊர். காலையில் வாந்தி பேதி கண்டால் சாயங்காலம் பிணம். ‘பேதியில போக’ என்பது வசவாகவே நிலைத்துவிட்டது.

இங்கே வீட்டு மருந்துப் பெட்டியின் வரலாறு கசப்பான ஒரு திருப்பம் எடுக்கிறது. வெள்ளைக்கார வீடுகளில் குளோரோடைன் என்றொரு குப்பி இருக்கும். இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் காலராவுக்கென்றே கலந்தது. அபினும் கஞ்சாவும் குளோரோஃபார்மும் சேர்ந்தது. 1874இல் வில்லியம் மூர் எழுதிய குடும்ப வைத்தியக் கையேடு, டாக்டர் எட்டாத இடத்தில் இருக்கும் குடும்பம் என்னென்ன மருந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன்பே, 1860இல், திருவிதாங்கூரிலிருந்து எட்வர்ட் வாரிங் கடைத்தெருச் சரக்குகளைக் கொண்டே என்ன செய்யலாம் என்று சின்ன புத்தகம் போட்டிருந்தார். இந்தப் பக்கத்து மருந்து என்றால், அபின், பெருங்காயம், மிளகு மூன்றையும் உருட்டிய ‘காலரா மாத்திரை’. எல்லாம் பேதியை நிறுத்தப் பார்த்தன. சில டாக்டர்கள் ரத்தத்தை வேறு எடுத்தார்கள். தாகத்தில் தவித்த நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தால் கெடுதல் என்று ரெண்டு பக்கத்து வைத்தியரும் தடுத்த காலமும் இருந்தது.

பேதி ஆளைக் கொல்வது கிருமியால் நேரடியாக அல்ல, தண்ணீரும் உப்பும் வடிந்துபோவதால். வடிந்ததை ஈடுகட்டினால் ஆள் பிழைப்பார். குடலில் சர்க்கரை இருந்தால் அது உப்பையும், உப்பு தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த விஷயம் 1960களில்தான் தெளிவானது. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பங்காவ் முகாம்களில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ஊசியில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபிஸ் துணிந்து வாய்வழிக் கரைசலைக் கொடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, பாலிதீன் உறையை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. கொடுத்தவர்கள் நர்சுகள்கூட இல்லை, பெரும்பாலும் கூட இருந்த சொந்தக்காரர்கள்.

உப்பு, சர்க்கரை, கொதித்தாறிய தண்ணீர். உப்புப் போட்ட வடித்த கஞ்சியும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். 1818இல் திருவிடைமருதூரில் எந்த வீட்டில் இவை இல்லை? பண்ணையாள் குடிசையிலும் கஞ்சிப் பானை இருந்தது. மருந்து வீட்டுக்குள்ளேயே இருக்க, 150 வருஷம் ஜனங்கள் செத்திருக்கிறார்கள். அடுக்கி வைத்த சரக்கு எதுவும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை.

மலேரியா கதை இதற்கு நேர்மாறு. அங்கே மருந்து தெரிந்திருந்தது, கையில் எட்டவில்லை. நீலகிரியில் 1860களில் சின்கோனா பயிரிட்டு, கொய்னா தயாரித்தாலும் ஏழைக்கு விலை கட்டவில்லை. 1892இல் வங்காளத்தில் தபாலாபீஸில் காலணாப் பொட்டலமாக விற்க ஆரம்பித்தார்கள். மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. தபால்காரர் கடுதாசியோடு கொய்னாவும் கொண்டுவந்த காலம். பழைய டெல்டாவில் மலேரியா அவ்வளவாக இல்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, புதுக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோனதும் கொசுவும் போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே ஆய்வுக்கூடமே வைத்தது. நெல் போன வழியிலேயே காய்ச்சலும் போனது.

*

அப்புறம் சபுராளிகள் காலம். சிங்கப்பூர், மலேயா, பின்னால் வளைகுடா. ஊருக்கு வருகிறவர் பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம் கட்டாயம். சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. ஆடுதுறை, திருமங்கலக்குடி, அவணியாபுரம் பக்கமெல்லாம் ஒரு குப்பிக் கோடாலித் தைலம் கைமாற்றாகத் தெருவையே சுற்றிவரும். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க. என்ன பலன் என்று கேட்காதீங்க. அந்த வாசனையே பாதி நிம்மதி.

அரசாங்கத்துக்கும் வீட்டு மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் அட்டவணை ‘கே’. ஆயிரம் பேருக்கு மிகாத கிராமத்தில் லைசென்ஸ் இல்லாத மளிகைக் கடையிலும் சில மருந்துகளை விற்கலாம் என்கிறது. ஆஸ்பிரின், பாராசிட்டமால், வலி நிவாரணத் தைலம், கிரைப் வாட்டர், இருமல் மருந்து, தீப்புண் களிம்பு, கட்டுத்துணி, விளக்கெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டிங்க்சர் அயோடின், கொய்னா மாத்திரை. திருமுக்கூடல் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

இப்போது நம் வீடுகளில் இருப்பது பழைய பிஸ்கட் டின் அல்லது ஸ்வீட் பாக்ஸ். உள்ளே பாதி தின்ற ஆன்டிபயாடிக், யாருக்கு எழுதியது என்று தெரியாத கண் சொட்டு மருந்து, வெட்டிய மாத்திரை அட்டைகள். நம்ம மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் அட்டையை வெட்டித் தருவாங்க. காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே நின்றுவிடும். கேட்டால் எழுதித் தருவார்கள், நாம் கேட்பதில்லை. மிச்ச ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து வைப்பது தனி ஆபத்து. அடுத்த சளிக்கு ரெண்டு போட்டுக்கலாம் என்று தோன்றும். சளிக்கு அது கேட்காது, கிருமிக்குப் பழகிப்போகும். டின்னை அடுப்பு மேடையிலோ குளியலறையிலோ வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் தேதிக்கு முன்பே வீணாகும்.

உண்மையான சோதனை 2018 நவம்பர் 16 அன்று வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. திருவிடைமருதூர் ஓரளவு தப்பியது. தெற்கே பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. தென்னை விழுந்த கணக்கை எல்லாரும் எழுதினார்கள். இன்சுலின் போடுகிற வீடுகளின் கஷ்டம் அவ்வளவாக எழுதப்படவில்லை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் செத்துப்போனால் என்ன செய்வது? ஒரு மண்சட்டிக்குள் இன்னொன்றை வைத்து, இடையில் ஈரமணல் கொட்டி, உள்ளே குப்பியை வைப்பது நம் வெயில் ஊர்களில் பழகிய வழி. 2021இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில்கூட நாலு வாரம் இன்சுலின் வீரியம் தாங்கியது என்றது. கென்ய அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை அளந்து செய்த ஆய்வு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இன்னொரு பாடம். காய்ச்சலைவிட, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தீர்ந்துபோவதுதான் பல வீடுகளில் அவசரமாக இருந்தது. நாள்பட்ட நோய்க்காரருக்கு ஒரு மாதம் கூடுதலாக வைத்திருப்பது ஆடம்பரமே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது அந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் ஒரே அட்டை, ஒரே அளவு. இந்த ஜில்லாவில் அது சின்ன விஷயமில்லை.

வீட்டில் வைக்கவே முடியாத மருந்து ஒன்றும் உண்டு. நடவு, அறுவடை நேரத்தில் வயலில் பாம்புக்கடி வாங்குகிற ஊர் இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பிடித்த பாம்புகளிடமிருந்து எடுக்கப்படுகிறது. ஊசியை டாக்டர் பக்கத்தில் இருந்துதான் ஏற்ற முடியும். ஒவ்வாமை வந்தால் உடனே பார்க்கணும். கடிவாயைக் கீறாமல், கயிறு கட்டாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றணும். இந்த மருந்துக்கு வீட்டில் வைத்திருக்க வேண்டியது 108க்குப் பேசச் சார்ஜுள்ள ஒரு போன். கூட, ராத்திரியில் கூப்பிட்டால் எழுந்துவரக்கூடிய, பைக் ஓட்டத் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.